பாரம் எங்கே இறங்குகிறது

மணலியிலிருந்து துறைமுகம் போகும் சாலைகளில் டிரெய்லருக்கு டயர் மாற்றுவது தினசரிக் காட்சி. கன்டெய்னர் ஏற்றிய வண்டி ஓரங்கட்டி நிற்கும். பஞ்சர் கடைக்காரர் பாட்டில் ஜாக்கியோடு வருவார். கூட வரும் பையன் கையில் ஒரு மரக்கட்டை இருக்கும். எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்து, ஜாக்கியின் அடித்தட்டு உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் சதுரமாகப் பள்ளம் விழுந்த கட்டை. "முதல்ல கட்டையப் போடுறா, இல்லாங்காட்டி ஜாக்கி மண்ணுக்குள்ள பூந்துரும்" என்று ஒரு அதட்டல். கட்டை போகும், அதன் மேல் ஜாக்கி ஏறும், கைப்பிடி மேலும் கீழும் ஆடும், வண்டி இம்மி இம்மியாக எழும்பும்.

வீட்டுக்கு வரைபடம் போட்டு, பில்லர் கணக்கும் கம்பிக் கணக்கும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இருப்பது தண்டையார்பேட்டையில். அழுத்தம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த ஜாக்கியைத்தான் கைகாட்டுவேன். பள்ளிப் புத்தகத்தில் பாலைவனத்து ஒட்டகத்தின் அகன்ற பாதத்தைப் போட்டிருப்பார்கள். நல்ல உதாரணம்தான், ஆனால் வடசென்னைப் பிள்ளைகள் ஒட்டகத்தைத் தேடி எங்கே போவார்கள்? டிரெய்லர் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

கணக்கைப் பாருங்கள். அச்சின் ஒரு பக்கத்தைத் தூக்க ஜாக்கி தாங்க வேண்டிய எடை 5 டன் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கிக்குள்ளே மேலெழும் தண்டின் அடிப்பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். ஆகவே உள்ளே இருக்கும் எண்ணெய் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 250 கிலோ தாங்குகிறது. ஜாக்கியின் அடித்தட்டு 15 சென்டிமீட்டருக்கு 15 சென்டிமீட்டர், அதாவது 225 சதுர சென்டிமீட்டர். அதன் கீழே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 22 கிலோவாக இறங்கிவிடுகிறது. கட்டை 60 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம் என்றால் 1,500 சதுர சென்டிமீட்டர். மண்ணைத் தொடும்போது மூன்று கிலோ சொச்சம்தான் மிச்சம். நன்றாக இறுகிய சாலையோர மண் மூன்று கிலோவைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளும். 22 கிலோவைப் பொறுக்காது, வாயைத் திறந்து ஜாக்கியை விழுங்கிவிடும்.

250, 22, மூன்று சொச்சம். ஒரு முழ உயரத்துக்குள் அழுத்தம் இத்தனை இறங்கிவிட்டது. இதில் எங்கேயும் எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. ஐந்து டன்னும் அப்படியே மண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. மாறியதெல்லாம் அது இறங்கிய இடத்தின் அகலம்.

விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை பரவினால் அது ஒரு பாஸ்கல். அது மிக மிகச் சிறிய அளவு என்பதால் எங்கள் தொழிலில் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ, சதுர மீட்டருக்கு இத்தனை டன் என்றுதான் பேசுவோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றே சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ வீதம் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது.

இந்த வகுத்தலை எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். ஏன் வகுக்கிறோம் என்பதைத்தான் யாரும் நின்று சொல்வதில்லை. காரணம் இதுதான்: மண்ணுக்கோ மரத்துக்கோ தோலுக்கோ மேலே நிற்பது எத்தனை டன் என்று தெரியாது. ஒவ்வொரு சின்னத் துண்டும் தன் தலையில் வந்து விழுந்ததை மட்டும் அறியும். அந்தத் துண்டுக்கு அதன் பங்கு தாங்க முடிகிற அளவா என்பதே கேள்வி. தாங்க முடியாத இடத்தில் ஒன்று நசுங்கும், பக்கத்துத் துண்டு அந்தப் பாரத்தையும் சேர்த்து வாங்கும், அதுவும் நசுங்கும். உடைவது எப்போதும் ஓர் இடத்தில்தான் தொடங்குகிறது. மொத்தத்தைப் பார்த்து அது தெரியாது.

ஜாக்கியின் உள்ளே நடப்பதும் இதே வகுத்தல்தான், திசை மட்டும் தலைகீழ். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் குறையாமல் எல்லாப் பக்கமும் போகும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்னார். அதை வைத்து ஜோசப் பிராமா 1795-இல் இங்கிலாந்தில் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கைப்பிடி தள்ளும் சின்னத் தண்டின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால், 250 கிலோ அழுத்தத்தை உண்டாக்க அதன் மேல் 250 கிலோ விசை போதும். நீளக் கைப்பிடி நெம்புகோலாக வேலை செய்வதால் பஞ்சர் கடைக்காரர் கொடுப்பது பதினேழு, பதினெட்டு கிலோ. உள்ளே சிறிய பரப்பால் விசை பெருகுகிறது, வெளியே பெரிய பரப்பால் மண் பிழைக்கிறது. ஒரே கருவியில் ஒரே வகுத்தல் இரண்டு பக்கமும் வேலை செய்வதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் இன்னொரு பொருளை நான் பார்த்ததில்லை.

பரப்பைச் சுருக்கி வேலை வாங்குவதற்கு காசிமேடு போனால் போதும். விடியற்காலையில் மீன் வெட்டும் பெண்கள் அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு வஞ்சிரத்தைத் துண்டு போடுவதைப் பாருங்கள். கையில் முரட்டு பலம் ஒன்றும் தெரியாது. நன்றாகச் சாணை பிடித்த விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கனம் என்று வைத்தால், ஒரு சென்டிமீட்டர் நீளம் மீனைத் தொடும்போது பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அங்கே ஒரு கிலோ விசை கொடுத்தால் அழுத்தம் ஆயிரம் கிலோ. தோலும் முள்ளும் அதற்கு முன்னால் என்ன செய்யும்? மழுங்கிய விளிம்பில் அதே கை, அதே ஒரு கிலோ, மீன் நசுங்கும், வெட்டுப்படாது.

காற்று அடிக்கிற இடத்தில் இந்த வகுத்தலைக் கண்ணால் பார்க்கலாம். பைக்கின் பின் டயருக்கு 33 வைக்கச் சொல்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு, நம் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ. பின் சக்கரத்தில் இறங்கும் எடை 115 கிலோ என்றால் டயர் தானாகவே சப்பையாகி, தரையைத் தொடும் இடத்தை 50 சதுர சென்டிமீட்டருக்கு விரித்துக்கொள்ளும். ஒரு விசிட்டிங் கார்டு அளவு. உள்ளே இருக்கும் காற்று சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோதான் தாங்கும், ஆகவே எடை முழுதும் ஏந்தப்படும் வரை பரப்பு விரிந்துகொண்டே போகிறது. பின்னால் ஒருவர் ஏறி உட்கார்ந்தால் தடம் பெரிதாகிறது. டயரின் பக்கச் சுவர் விறைப்பும் கொஞ்சம் பங்கு எடுக்கும் என்பதால் கணக்கு அச்சு அசலாக வராது, ஆனால் பக்கத்தில் வரும். டயரில் கரியைத் தடவி, பழைய செய்தித்தாளின் மேல் வண்டியை இறக்கிப் பாருங்கள். இரண்டு சக்கரத்தின் தடத்தையும் அளந்து, அதனதன் காற்றழுத்தத்தால் பெருக்கிக் கூட்டினால் உங்கள் வண்டியின் எடை ஏறத்தாழ வந்துவிடும். எடை மேடை இல்லாமல் ஒரு வண்டியை எடை போட முடியும் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் அதன்பிறகு இந்தச் சூத்திரம் மறக்கவே மறக்காது.

டிரெய்லருக்கு வருவோம். நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சில் ஏற்றக்கூடிய எடை இந்தியாவில் 10.2 டன்னாக இருந்தது. 2018-இல் அதை 11.5 டன்னாக உயர்த்தினார்கள். டயருக்கு 2.9 டன் என்று வையுங்கள். லாரி டயரில் 110 காற்று இருந்தால் அது சதுர சென்டிமீட்டருக்கு 7.7 கிலோ. தடம் 370 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தப் பாதித் தாளில் மூன்று டன் நிற்கிறது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பாரத்தை 10.2-லிருந்து 11.5-க்கு ஏற்றினால் சாலையின் மேல்தோலில் அழுத்தம் பெரிதாக மாறாது. காற்று அதே 110 என்பதால் தடம் விரிந்து சமாளித்துவிடும். அப்படியானால் சாலைக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கேடு கீழே இருக்கிறது. மேலே விழும் பாரம் கீழே இறங்க இறங்கப் பக்கவாட்டிலும் பரவும். நாங்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி, இரண்டடி கீழே போனால் பக்கத்துக்கு ஓரடி விரியும் என்பது. 19 சென்டிமீட்டர் சதுரத் தடம், 19 சென்டிமீட்டர் ஆழத்தில் 38 சென்டிமீட்டர் சதுரமாகிவிடும். பரப்பு நான்கு மடங்கு, அழுத்தம் கால் பங்கு. 57 சென்டிமீட்டர் ஆழத்தில் பரப்பு பதினாறு மடங்கு, அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. தார், அதன் கீழே ஜல்லிக் கலவை, அதன் கீழே கிராவல் என்று சாலையை அடுக்கடுக்காகப் போடுவது இதற்காகத்தான். ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழே உள்ளவரின் பங்கைக் குறைத்துக் கொடுக்கிறது.

ஆனால் அந்த ஆழத்தில் டயரின் காற்று எவ்வளவு என்பது கணக்கில் வராது. அங்கே பேசுவது மொத்தப் பாரம். பக்கத்தில் உள்ள ஜோடி டயரின் பாரமும் விரிந்து வந்து அங்கே கலந்துவிடும். மேல்தோல் டயர் காற்றை உணர்கிறது, அடிமண் லாரியின் எடையை உணர்கிறது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டி ஓட்டி நடத்திய பெரிய சாலைச் சோதனையில், சேதம் அச்சின் எடைக்கு ஏறத்தாழ நான்காம் அடுக்கில், அதாவது எடை கூடிய விகிதத்தை நான்கு முறை போட்டுப் பெருக்கிய அளவில், கூடுகிறது என்று கண்டார்கள். 10.2 டன் 11.5 ஆனால் எடை கூடியது எட்டில் ஒரு பங்கு, சேதம் கூடுவது அறுபது சதவீதம். துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் சாலைகள் ஏன் அப்படி அலையலையாகக் குழிந்து கிடக்கின்றன என்று கேட்பவர்கள் தாரை மட்டும் குறைசொல்கிறார்கள். அடியில் உள்ள மண்ணுக்கு எத்தனை அடுக்கு கொடுத்தோம் என்று நாம் கேட்க வேண்டும்.

ரயில் தண்டவாளமும் இதே அடுக்குதான். 1856-இல் ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய நாளிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சரக்கு வேகனின் ஒரு சக்கரத்தில் பத்து டன். அது தண்டவாளத்தைத் தொடும் இடம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. தண்டவாளம் அதை ஸ்லீப்பர் கட்டைகளுக்குப் பங்கு போடும், கட்டை ஜல்லிக்குக் கொடுக்கும், ஜல்லி மண்ணுக்குக் கொடுக்கும். எஃகால் மட்டுமே தாங்க முடிகிற அழுத்தம், மண் தாங்கும் அளவுக்கு வந்து சேர்கிறது.

இனி என் தொழில். வடசென்னையில் வீடு கட்டுவதென்றால் முதலில் கேட்க வேண்டியது மண் எப்படி என்பதுதான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரமாகப் போனால் மணல். உள்ளே வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வந்தால் பல இடங்களில் களிமண், அதிலும் ஈரம் வற்றாத களிமண். அனுபவமுள்ள மேஸ்திரி கடைக்கால் குழியில் இறங்கினால் முதலில் கட்டைவிரலால் மண்ணை அழுத்திப் பார்ப்பார். நகம் மட்டும் பதிந்தால் ஒரு முகம், விரலே இறங்கினால் வேறு முகம். அது வெறும் பழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். களிமண்ணை வகைப்படுத்தும் பொறியியல் அட்டவணைகளிலும் விரல் அடையாளம் இருக்கிறது. மிதமாக அழுத்தினால் விரல் பதியும் மென்களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 10 டன், விரல் சுலபமாக உள்ளே போகும் மண்ணுக்கு 5 டன் என்று உத்தேசமாக வைப்பார்கள். சரியான எண்ணுக்குச் சாயில் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும், அதில் காசு மிச்சம் பிடிக்கச் சொல்லி யார் கேட்டாலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

மாடி வீட்டின் ஒரு பில்லரில் 30 டன் இறங்குகிறது என்று வைப்போம். பில்லர் ஒன்பது அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். அதில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 43 கிலோ, கான்கிரீட்டுக்கு அது பெரிய விஷயமில்லை. அதே பில்லரை நேராக மண்ணில் நட்டால் சதுர மீட்டருக்கு 430 டன். பத்து டன் தாங்கும் மண்ணில் 430 டன். ஆகவே அடியில் ஃபூட்டிங் போட்டு விரிக்கிறோம். 20 டன் தாங்கும் மணலில் நான்கடிக்கு நான்கடி போதும். 10 டன் களிமண்ணில் ஏறத்தாழ ஆறடிக்கு ஆறடி. 5 டன் மண்ணில் எட்டடிக்கு எட்டடி. பில்லர்களுக்கு இடையே பத்தடிதான் இருக்கிறது என்றால் ஃபூட்டிங்குகள் ஒன்றையொன்று தொடப் பார்க்கும். அப்போது தனித்தனியாகப் போடுவதை விட்டுவிட்டு வீட்டின் அடி முழுவதையும் ஒரே தட்டாக ராஃப்ட் போட்டுவிடலாம். அந்தக் காலத்தில் சவுக்குக் கட்டைகளை நெருக்கமாக அடித்து இறக்கி, அதன் மேல் கட்டுவார்கள். கீழே நல்ல மண்ணுக்குப் பாரத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி அது.

இவ்வளவும் எந்தச் சிவில் புத்தகத்திலும் இருக்கும். எங்கள் பக்கத்து மனைகளில் புத்தகத்துக்கு அடங்காத ஒரு சங்கடம் இருக்கிறது. கால் கிரவுண்டு, அதற்கும் குறைவான துண்டு மனைகள். இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர் ஒட்டி நிற்கும். பில்லரை எல்லைக் கோட்டின் ஓரத்தில்தான் வைக்க முடியும், ஃபூட்டிங் அடுத்தவர் மனைக்குள் ஓர் அங்குலமும் போக முடியாது. அப்போது ஆறடி ஃபூட்டிங் போட்டாலும் பில்லர் அதன் ஓரத்தில் நிற்கும். பரப்பு இருக்கிறது, ஆனால் பாரம் அதில் சமமாக இறங்கவில்லை. பாரம் நடுவிலிருந்து அகலத்தில் ஆறில் ஒரு பங்கு விலகினாலே ஓர் ஓரத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், எதிர் ஓரத்தில் பூஜ்யமாகிவிடும். அதைத் தாண்டி விலகினால் எதிர் ஓரம் மண்ணைவிட்டு எழும்பப் பார்க்கும். அதாவது அங்கே கொட்டிய கான்கிரீட் எதையும் ஏந்தவில்லை.

"எவ்ளோ பெரிய ஃபூட்டிங் போட்டிருக்கோம் சார், அப்புறம் எப்படி விரிசல்?" என்று கேட்டு வருபவர்களுக்கு நான் இதைத்தான் வரைந்து காட்டுகிறேன். பாரம் எங்கே இறங்குகிறது என்பதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஓரத்துப் பில்லரையும் உள்பக்கத்துப் பில்லரையும் ஒரு பலமான பீமால் கட்டி இரண்டின் பாரத்தையும் சேர்த்துப் பங்கு போடலாம், அல்லது இரண்டுக்கும் ஒரே ஃபூட்டிங்காகப் போடலாம். கம்பி கூடும், செலவு கூடும். ஆனால் வட்டிக்கு வாங்கிக் கட்டும் வீடு ஒருபக்கமாகச் சாய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

களிமண்ணில் இன்னொன்றும் உண்டு. மணலில் இறங்குவது கட்டும்போதே இறங்கிவிடும். களிமண்ணில் நுண்ணிய துவாரங்களில் தண்ணீர் நிற்கிறது. மேலே பாரம் வைத்ததும் முதலில் தாங்குவது அந்தத் தண்ணீர்தான். பிறகு அது மெல்ல மெல்லக் கசிந்து விலக, பாரம் மண் துகள்களுக்கு மாற, வீடு வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். 1920-களில் கார்ல் டெர்சாகி இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். கிரகப்பிரவேசம் முடிந்து, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் சுவரில் குறுக்காக விரிசல் விட்டதென்றால் அது இன்றைக்கு வந்த அழுத்தம் அல்ல. என்றோ வைத்த அதே அழுத்தம், இத்தனை நாளாக வேலை செய்திருக்கிறது. விசை, பரப்பு என்ற இரண்டே சொல்லால் ஆன சூத்திரத்தில் நேரம் எங்கேயும் இல்லை. தாங்குகிற பொருளில் நேரம் இருக்கிறது.

இதை நான் முழுதாகப் புரிந்துகொண்டது அப்பாவிடம்.

அப்பா கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். சாக்கை மடித்துப் பிடரியிலும் முதுகிலும் போட்டுக்கொண்டு, கொக்கியால் மூட்டையை இழுத்து வாங்கி, முன்னால் குனிந்தபடி பலகையில் ஏறி லாரிக்குள் போவார். குனிவது பணிவுக்காக அல்ல, மூட்டை முதுகில் அகலமாகப் படிய வேண்டும் என்பதற்காக. நிமிர்ந்தால் பாரம் முழுக்கக் கழுத்தெலும்பில் ஏறிவிடும். மீன் கூடைக்காரப் பெண்களின் தலைச் சும்மாடு செய்யும் வேலையை அவர் முதுகாலேயே செய்தார். வாழ்நாளெல்லாம் அப்படி ஏந்திய முதுகில் ஒரு புண் வந்ததில்லை.

வாதம் வந்து படுத்த பிறகு புண் வந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோதே இடுப்பெலும்புக்குக் கீழே தோல் நிறம் மாறியிருந்தது. எந்த மூட்டையும் இல்லை, மெத்தென்ற படுக்கை, அவருடைய சொந்த எடை, அவ்வளவுதான். எனக்கு அது தாங்க முடியாததாக இருந்தது. அழுகையோடு சேர்த்துக் கணக்கும் போட்டேன், எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அப்பாவின் எடை 60 கிலோ. உடம்பு முழுக்கப் படுக்கையில் சமமாகப் படிந்து, 4,000 சதுர சென்டிமீட்டர் தொட்டால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிராம். ரத்த அழுத்தம் அளக்கும் பாதரசக் கணக்கில் 11 மில்லிமீட்டர். தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களின் தொடக்கத்தில் அழுத்தம் 30 மில்லிமீட்டர் சுற்றுவட்டம். 11 அதை நெருங்காது, ரத்தம் ஓடும். ஆனால் உடம்பு சமமாகப் படிவதில்லை. மெலிந்த உடம்பில் வால் எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை என்று சில மேடுகள்தான் படுக்கையைத் தொடுகின்றன. இடுப்படியில் 50 சதுர சென்டிமீட்டரில் ஐந்து கிலோ இறங்கினால் 74 மில்லிமீட்டர். நுண்குழாய் மூடிக்கொள்கிறது.

மூட்டைக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ, முதுகில் 600 சதுர சென்டிமீட்டர். 61 மில்லிமீட்டர் வந்தது. அப்பா முதுகில் தாங்கியதும் படுக்கையில் தாங்கியதும் ஏறத்தாழ ஒரே அழுத்தம். ஷெட்டிலிருந்து லாரிக்கு ஒரு நடை, மூட்டை இறங்கிவிடும், ரத்தம் திரும்பிவிடும். படுக்கையில் யாரும் இறக்கிவைக்கவில்லை. நமக்குத் தூக்கத்திலேயே உடம்பு புரண்டு கொடுத்து அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது. புரள முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கைதான் புரளவேண்டும்.

வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட சிஸ்டர் சொன்னது எல்லாமே இந்த வகுத்தலின் மறுபக்கம். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுங்க தம்பி, ராத்திரியும்தான்." திருப்பும்போது முழுக்க ஒருக்களித்துப் போடக் கூடாது, அப்போது தொடையின் பக்க எலும்பு முனையில் பாரம் குவியும். முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து முப்பது டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும், சதைப்பற்றுள்ள இடத்தில் பாரம் பரவும். கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட வேண்டும். தலைமாட்டை ரொம்ப உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கி, தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும்.

வளையம் பற்றியும் சொன்னார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் காற்றடைத்த ரப்பர் வளையம் வாங்கச் சொன்னார்கள், புண் நடுவில் படாமல் இருக்குமே என்று. தலையில் சும்மாடு நன்மை செய்கிறது என்றால் இடுப்பில் ஏன் செய்யாது என்றுதான் தோன்றும். சும்மாடு மெத்தென்று தலையின் வளைவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துத் தொடும் இடத்தைக் கூட்டுகிறது. வளையம் நடுவில் இருந்த பரப்பைப் பறித்துவிட்டு, பாரம் முழுவதையும் விளிம்பில் ஏற்றுகிறது. விளிம்பில் ரத்தம் தடைப்பட்டால் நடுவில் உள்ள புண்ணுக்கு எங்கிருந்து ரத்தம் வரும்? வளையம் வேண்டாம்.

ஏர் பெட் வாடகைக்கு எடுத்தோம். அதில் பம்ப் பத்து நிமிஷ அளவில் ஒரு வரிசைக் குழாயை ஊதி அடுத்த வரிசையைத் தளர்த்தும். ஊதிய இடம் தாங்க, தளர்ந்த இடத்தில் ரத்தம் ஓடும். பரப்பையும் நேரத்தையும் சேர்த்தே கையாளும் கருவி அது. அது இருக்கிறது என்பதற்காகத் திருப்பிப் போடுவதை விட்டுவிடக் கூடாது.

வீட்டில் படுக்கையில் யாராவது இருந்தால், தினமும் துடைத்துவிடும்போது எலும்பு மேடுகளைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துத் திரும்ப வேண்டும், வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். நம் நிறத் தோலில் சிவப்பு பல நேரம் கண்ணுக்குத் தெரியாது. தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள்.

ஏர் பெட்டில் காற்று போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அவர் படுத்திருக்கும்போதே, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி உங்கள் கையை ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்பெலும்புக்கு நேர் கீழே நுழையுங்கள். கைக்கும் அவர் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று மெத்தென்று நிற்க வேண்டும். எலும்பு உங்கள் கையில் தட்டுப்பட்டால் பம்பில் காற்றைக் கூட்டுங்கள்.